ஜீரோவின் சாம்பல்: எந்த பாட்டிலை வாங்குவது?

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொழும்பைத் தாக்க வந்த ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக வந்தவை ஜீரோ போர் விமானங்கள். நான்கு நாள் கழித்துத் திருகோணமலைக்கும் அவையே வந்தன. அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுயிகாகு ஆகிய ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய அந்த ஏ6எம்2 மாடல் 21 ஜீரோவை இன்று சிறிய பிளாஸ்டிக் மாடலாகக் கட்டி மேசைமேல் நிறுத்துவது பெரிய காரியமில்லை. தமியா, ஹசெகாவா, எடுவார்ட், ஏர்ஃபிக்ஸ் என்று பல நிறுவனங்களின் நல்ல கிட்கள் (பாகங்களாக வரும் மாடல் பெட்டிகள்) இருக்கின்றன. எந்தக் கப்பலின் விமானம் என்று காட்டும் அடையாளங்களிலும் குழப்பமில்லை: அகாகிக்கு உடலின் பின்பகுதியில் ஒரு சிவப்புப் பட்டை, சோர்யுவுக்கு ஒரு நீலம், ஹிர்யுவுக்கு இரண்டு நீலம், ஷோகாகுவுக்கு ஒரு வெள்ளை, சுயிகாகுவுக்கு இரண்டு வெள்ளை.

சிக்கல் அந்தப் பட்டைகளைச் சுற்றியிருக்கும் நிறத்தில் இருக்கிறது. மூக்கின் கருநீலக் கறுப்பையும் சிவப்பு வட்டங்களையும் தவிர்த்தால், விமானம் முழுக்க ஒரே சாம்பல்தான். ஆனால் எந்தச் சாம்பல்? பழைய கிட்களின் குறிப்பேடு வெளிர் சாம்பல் என்றது. பிறகு பச்சை கலந்த சாம்பல் என்றார்கள். அதற்கும் பிறகு, ஆலிவும் தேனும் கலந்த ஒரு சாயல் என்று ஒரு கட்சி கிளம்பியது. மூன்றுக்கும் பெயின்ட் பாட்டில் விற்கிறது. மூன்றையும் வாங்கிப் பார்த்தவன் என்ற முறையில், எதை எதற்காக வாங்கலாம், எதை விட்டுவிடலாம் என்று ஒப்பிட்டு எழுதுகிறேன்.

எல்லா விமானத்துக்கும் இந்தத் தலைவலி கிடையாது. வியட்நாம் போர்க்காலத்து அமெரிக்க விமானப்படையின் ஃபாண்டம் விமானத்தைக் கட்டுகிறீர்கள் என்றால் எஃப்.எஸ். 595 என்ற அமெரிக்க அரசுத் தரநிலையில் 30219 பழுப்பு, 34102, 34079 என்ற இரண்டு பச்சைகள், வயிற்றுப் பக்கத்துக்கு 36622 வெளிர் சாம்பல். அன்று அந்த விமானங்களுக்குப் பூசியவர்களும் இதே எண்களைப் பார்த்துத்தான் பூசினார்கள். எண்ணைச் சொல்லி வாங்கினால் வேலை முடிந்தது. பிரிட்டிஷ் விமானங்களும் ஏறக்குறைய அப்படித்தான். ஜீரோக்களை எதிர்த்துப் பறந்த ஹரிக்கேன் போன்ற விமானங்களில் ஆசியப் போர்முனையில் பரவலாக இருந்த டார்க் எர்த், டார்க் கிரீன் இரண்டும் பி.எஸ். 381சி என்ற பிரிட்டிஷ் தரநிலையில் 450, 641 என்ற எண்களோடு இன்றும் உயிரோடு இருக்கின்றன.

இதற்கு நேர் எதிர்முனை, போரின் கடைசிக் கட்டத்து ஜெர்மனி. 1944-இல் ஆர்.எல்.எம். 81, 82 என்ற புது நிறங்களை அறிவித்த விமானத்துறை அமைச்சகம் (ஆர்.எல்.எம். என்பது அதன் சுருக்கம்), தொழிற்சாலைகளுக்கு நிற மாதிரி அட்டையே கொடுக்கவில்லை. ஆளுக்கொரு விதமாகப் பூசினார்கள். அங்கே யார் எதைப் பூசினாலும் தவறென்று நிரூபிக்க முடியாது. சரியென்றும் நிரூபிக்க முடியாது.

ஜீரோ இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருக்கிறது. சான்றுகள் உண்டு, ஆனால் ஒன்றோடொன்று உரசுகின்றன. அதனால்தான் இங்கே தேர்வு என்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

சான்றுகள் சொல்வது

ஜப்பானியக் கடற்படையின் நிறப் பட்டியலில் ஜே3 என்பது சாம்பல். பார்த்தால் சாதாரணச் சாம்பல்தான். ஆனால் 1942-இல் யோகோசுகா விமானப் பிரிவு ஜீரோவின் மறைப்பு நிறத்தைப் பற்றி ஆய்ந்து எழுதிய அறிக்கை, அப்போது விமானத்தில் இருந்த பூச்சை ‘ஜே3, ஆனால் சற்றே தேன் சாயல் ஏறியது’ என்ற பொருளில் குறிப்பிடுகிறது. இந்த ஒற்றை வரியின் மேல்தான் பாதி விவாதமும் நிற்கிறது.

மீதிப் பாதி, உடைந்த தகட்டுத் துண்டுகளின் மேல் நிற்கிறது. பேர்ல் ஹார்பர் தாக்குதலில் விழுந்த ஜீரோக்களின் துண்டுகளை அமெரிக்கச் சிப்பாய்கள் நினைவுப் பொருளாக வெட்டி எடுத்துக்கொண்டார்கள். பல துண்டுகள் வீட்டுப் பெட்டிகளுக்குள் பல ஆண்டுகள் வெயில் படாமல் கிடந்தன. அவற்றில் தெரியும் நிறம் ஆலிவ் கலந்த சாம்பல். சில துண்டுகளில் மஞ்சள் பழுப்பு இன்னும் தூக்கல். வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடந்த துண்டுகளோ சுண்ணாம்பு பூத்து வெளிறிய சாம்பலாகிவிட்டன. விரலால் தேய்த்தால் மாவு ஒட்டும். அந்த வெளிறிய மேல்தோலைத் தேய்த்து எடுத்தால் அடியில் மறுபடி ஆலிவ் தலைகாட்டும்.

ஆக, வெளிர் சாம்பல் கட்சியும் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது வெயிலில் காய்ந்த ஜீரோவை. தேன் சாயல் கட்சிக்கும் ஒரு பலவீனம் உண்டு. எண்ணெய், ரெசின் கலந்த எந்தப் பழைய பூச்சும் இருட்டில் கிடந்தால் மஞ்சளாகும். இன்று துண்டில் தெரியும் மஞ்சளில் எவ்வளவு 1942-இல் இருந்தது, எவ்வளவு பெட்டிக்குள் சேர்ந்தது என்று பிரித்துச் சொல்வது சுலபமில்லை. யோகோசுகா அறிக்கை மட்டும் இல்லாவிட்டால் அந்த மஞ்சள் முழுவதையும் முதுமையின் கணக்கில் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அறிக்கை இருப்பதால், சாயல் தொடக்கத்திலேயே இருந்தது, ஆனால் துண்டுகளில் தெரியும் அளவுக்கு இல்லை என்று எடுத்துக்கொள்வதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, பலரும் கவனிக்காதது. ஜீரோவின் உடலும் இறக்கையும் உலோகம். ஆனால் எய்லரான் (இறக்கையின் பின்னோரத்தில்), எலிவேட்டர் (வால் இறக்கையில்), ரட்டர் (செங்குத்து வாலில்) ஆகிய அசையும் பாகங்கள் துணி போர்த்தியவை. துணிக்குப் பூசியது வேறு வகைப் பூச்சு. அதில் தேன் சாயல் ஏறவில்லை; சாம்பலாகவே இருந்தது. அந்தக் காலக் கறுப்பு வெள்ளைப் படங்களை உற்றுப் பாருங்கள்: பல ஜீரோக்களில் ரட்டர் மட்டும் வாலின் மீதிப் பகுதியிலிருந்து தனித்து, சற்று வெளிறித் தெரியும். ஒரே விமானத்தில் இரண்டு சாம்பல்.

முதல் வழி: லேபிளை நம்புவது

மிகச் சுலபமான வழி. பாட்டிலில் ஜப்பானியக் கடற்படைச் சாம்பல் என்று போட்டிருக்கிறது, வாங்கிப் பூசுவோம். ஆனால் எந்த பாட்டில்? கிட் விற்கும் தமியாவின் பெயின்டிலேயே இரண்டு உண்டு. எக்ஸ்.எஃப்-12 பழையது, என் கண்ணுக்கு அது குளிர்ந்த, நடுத்தரமான சாம்பல். எக்ஸ்.எஃப்-76 பிற்பாடு வந்தது, பச்சைச் சாம்பல். அதையே ஸ்ப்ரே டப்பாவில் ஏ.எஸ்-29 என்று விற்கிறார்கள். மிஸ்டர் கலர் என்ற பெயின்ட் வரிசையிலும், ஜீரோவைக் கட்டிய இரண்டு நிறுவனங்களின் பெயரில், இரண்டு: 35 மிட்சுபிஷிச் சாம்பல், 128 நகாஜிமாச் சாம்பல் பச்சை. வாலெஹோ என்ற நிறுவனத்திலும் கடற்படைச் சாம்பல் உண்டு.

மிஸ்டர் கலரின் பெயர்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். 1942 ஏப்ரலில் இலங்கைக்கு மேல் பறந்த ஜீரோக்கள் பெரும்பாலும் மிட்சுபிஷி கட்டியவை. நகாஜிமா தொழிற்சாலை 1941 நவம்பரில்தான் ஜீரோ உற்பத்தியைத் தொடங்கியது. ஆகவே லேபிளின்படி 35-தான் சரியாக இருக்க வேண்டும். ஆனால் பூசிப் பார்த்தால், பேர்ல் ஹார்பர் துண்டுகளின் நிறத்துக்கு 35-ஐவிட 128 நெருக்கமாக நிற்கிறது. ‘மிட்சுபிஷி’ என்ற லேபிளைப் பார்த்து மிட்சுபிஷி விமானத்துக்குப் பூசியவர் துணிப் பாகங்களின் நிறத்தை விமானம் முழுக்கப் பூசிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கு உற்பத்தியாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த வரிசைகளில் பல, துண்டுகளைப் பற்றிய ஆய்வுகள் பரவுவதற்கு முன்பே உருவானவை. பழைய எண்ணில் இருக்கும் நிறத்தை மாற்றினால் பழைய வாடிக்கையாளர் கோபிப்பார். அதனால் அது அப்படியே ஓடுகிறது. லேபிளை நம்புவதானால், பிந்தைய வெளியீட்டை நம்புங்கள். தமியாவில் அது 76.

இரண்டாம் வழி: எண்ணைப் பிடித்துக்கொள்வது

கட்டுரைகளில் ஜீரோவுக்கு எஃப்.எஸ். எண்கள் தாராளமாகப் புழங்குகின்றன. 16350 என்பார்கள், 24201 என்பார்கள். ஐந்து இலக்கத்தில் முதலாவது பளபளப்பைச் சொல்கிறது: 1 பளபளப்பு, 2 அரைப் பளபளப்பு, 3 மங்கல். இரண்டாவது நிறக் குடும்பம்: 0 பழுப்பு, 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல் என்று போகும். இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தாலே ஒரு வேடிக்கை புலப்படும். ஒரே விமானத்துக்கு ஒருவர் சாம்பல் குடும்பத்திலிருந்து எண் கொடுக்கிறார், மற்றொருவர் பச்சைக் குடும்பத்திலிருந்து கொடுக்கிறார்.

எஃப்.எஸ். 595 வெளிவந்தது 1956-இல். ஜீரோவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. யாரோ ஒருவர் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அட்டைத் தொகுப்பைப் புரட்டி, இருப்பதில் நெருக்கமானது இது என்று குறித்த எண் அது. நடுவில் விழும் நிறத்துக்கு அந்தத் தொகுப்பில் அட்டையே இல்லை. பிறகு அந்த எண்ணைப் பார்த்து ஒரு பெயின்ட் நிறுவனம் தன் கலவையைச் செய்கிறது. அதிலும் ஒரு விலகல். கடைசியில் நம் கைக்கு வருவது மூன்றாம் கை நகல். போருக்குப் பிந்தைய அமெரிக்க ஜெட்டுக்கு எண் வேதவாக்கு. ஜீரோவுக்கு அது வழி விசாரிக்க மட்டுமே உதவும். மன்செல் என்ற நிற அளவு முறையில் கொடுக்கும் அளவுகள் இதைவிட மேல், ஏனென்றால் அதில் நிறம், வெளிச்சம், செறிவு மூன்றையும் தனித்தனியாகக் குறிக்க முடியும். ஆனால் மன்செல் தொகுப்பு வாங்கும் காசில் பல கிட்கள் வாங்கிவிடலாம்.

மூன்றாம் வழி: அருங்காட்சியகமும் படங்களும்

இதை விரைவாகக் கடந்துவிடலாம். அருங்காட்சியக ஜீரோக்களில் அநேகமாக எல்லாமே புதுப்பித்துப் பூசியவை. அவற்றைப் படம் எடுத்து நிறம் பார்ப்பது, பூசியவருடைய கருத்தைப் பார்ப்பதே. பேர்ல் ஹார்பர் விமான அருங்காட்சியகத்தில் இரண்டு ஜீரோக்களைப் பார்க்கலாம். ஒன்று சாலமன் தீவுகளிலிருந்து மீட்டு ஹிர்யு கப்பலின் அடையாளங்களோடு மீட்டெடுத்துப் பூசியது. மற்றது நீஹாவ் தீவில் இறங்கி, விமானியாலேயே எரிக்கப்பட்ட ஜீரோவின் மிச்சம். பார்வையாளர் கூட்டம் முதலாவதைச் சுற்றி நிற்கும். நிறம் தேடுபவர் நிற்க வேண்டியது இரண்டாவதன் அருகில்.

அந்தக் காலப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அவற்றில் நிறத்தின் பெயரைத் தேட முடியாது, ஆனால் எது எதைவிட வெளிர், எது எதைவிட அடர்த்தி என்று பார்க்கலாம். ரட்டர் விஷயம் தெரிய வந்ததில் படங்களுக்கும் பங்குண்டு. இப்போது கணினியில் நிறமேற்றிய படங்கள் நிறைய உலவுகின்றன. அவை சான்று ஆகா. சாம்பல் என்று யாரோ முடிவு செய்ததைச் சாம்பலாகக் காட்டுகின்றன, அவ்வளவுதான்.

கைபேசித் திரையில் தெரியும் நிறத்தைப் பாட்டிலோடு ஒப்பிடுகிறவர்களும் உண்டு. ஒரே படத்தை இரண்டு கைபேசிகளில் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. பெயின்ட் கடையின் டின்டிங் மெஷினில் கொடுத்தால் கலந்து தருவார்களே என்று கேட்பவர்களுக்கும் ஒரு வரி: தருவார்கள், ஆனால் அது சுவருக்கான பெயின்ட். அந்தப் படலத்தின் தடிமனில் கிட்டின் தகட்டுக் கோடுகள் எல்லாம் மூழ்கிவிடும்.

நான்காம் வழி: நாமே கலப்பது

கலப்பது என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். பாட்டிலில் வந்ததுதான் ‘சரியான’ நிறம் என்ற நினைப்பு. போர்க்காலத்தில் விமானப்படைகளே கலந்தன. 1941 ஆகஸ்டில் பிரிட்டன் தன் போர் விமானங்களின் பழுப்பை ஓஷன் கிரே சாம்பலுக்கு மாற்றியபோது, புதுப் பெயின்ட் வந்து சேராத இடங்களுக்கு ஒரு கலவை சொல்லப்பட்டது: மீடியம் சீ கிரே ஏழு பங்கு, கறுப்பு ஒரு பங்கு. வாளியில் கலந்து பூசிய அந்த ஸ்பிட்ஃபயர்கள் போருக்குப் போயின.

ஜீரோவுக்கு என் கலவை தமியா எக்ஸ்.எஃப்-76 ஆறு பங்கு, எக்ஸ்.எஃப்-57 பஃப் (வெளிர் மஞ்சள் பழுப்பு) ஒரு பங்கு. 76-இல் இருக்கும் பச்சை எனக்குச் சற்று அதிகம். பஃப் அதை மட்டுப்படுத்தி, ஆலிவுக்கும் தேனுக்கும் பக்கத்தில் கொண்டுவந்துவிடுகிறது. பஃப்புக்குப் பதில் எக்ஸ்.எஃப்-60 டார்க் எல்லோ போட்டால் சாயல் பிடிக்கும், ஆனால் நிறம் கனத்துவிடும். பங்கை சொட்டுக் கணக்கில் பிப்பெட்டால் எடுங்கள். தூரிகை முனையால் தொட்டுத் தொட்டுக் கலந்தால் அடுத்த முறை அதே நிறம் வராது. ஒரு மாடலுக்குத் தேவையானதை முதலிலேயே மொத்தமாகக் கலந்து, மூடி இறுக்கமான காலி பாட்டிலில் ஊற்றி, கலவையை லேபிளில் எழுதி ஒட்டிவிட வேண்டும். பாதி இறக்கையில் தீர்ந்துபோனால் மறுபடி அதே சாயலைப் பிடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

பார்க்க வேண்டிய விதம் ஒன்று உண்டு. இதைச் செய்யாமல் எந்த பாட்டிலையும் எந்தக் கலவையையும் ஒப்பிடுவதில் பயனில்லை. வெள்ளை பிளாஸ்டிக் கரண்டிகளின் முதுகில் ஒவ்வொரு பெயின்டையும் பூசுங்கள். பின்னாலேயே பேனாவால் பெயர் எழுதுங்கள். காய்ந்த பிறகு ஒவ்வொரு கரண்டியிலும் பாதிக்கு மட்டும் பளபளப்பு வார்னிஷ் பூசுங்கள். தமியா எக்ஸ்.எஃப் வரிசை மங்கலாகக் காய்வது. ஜீரோவோ புதிதில் பளபளப்பான விமானம். வார்னிஷ் பட்ட பாதி கண்ணெதிரே ஒரு படி அடர்ந்து, மஞ்சள் சற்றுத் தூக்கலாகத் தெரியும். மங்கலான பாதியைப் பார்த்து முடிவு செய்தால், கடைசி வார்னிஷுக்குப் பிறகு மேசையில் நிற்பது வேறு விமானமாக இருக்கும்.

அப்புறம் அந்தக் கரண்டிகளை ஜன்னலருகே பகல் வெளிச்சத்திலும், இரவில் டியூப்லைட்டிலும், மஞ்சள் எல்.இ.டி. விளக்கிலும் வைத்துப் பாருங்கள். ஜன்னலருகே இரட்டைப் பிள்ளைகளாக இருந்த இரண்டு கரண்டிகள் டியூப்லைட்டில் பிரிந்துபோகும். ஒன்று பச்சைக்கு நழுவும், இன்னொன்று பழுப்புக்கு. வெவ்வேறு நிறமிகளால் ஒரே சாயலை எட்டியிருந்தால் இப்படித்தான் நடக்கும். ஆலிவ் சாம்பல் மாதிரியான இடைப்பட்ட நிறங்களில் இது இன்னும் மோசம். மாடல்காரர்கள் ஒருவர் பச்சை என்றும் ஒருவர் பழுப்பு என்றும் சண்டை போடும் இடங்களில், பாதிச் சண்டைக்குக் காரணம் அவரவர் வீட்டு விளக்கு என்பது என் சந்தேகம். உங்கள் மாடல் எந்த அலமாரியில், எந்த விளக்கின் கீழ் நிற்கப் போகிறதோ, அந்த வெளிச்சத்தில் பிடித்த கரண்டியைத் தேர்ந்தெடுங்கள். பகல் வெளிச்சத்தில் எடுக்கும் புகைப்படம்தான் முக்கியம் என்றால் ஜன்னலையே நம்புங்கள்.

அளவு சிறியதானால் நிறத்தை வெளிற வைக்க வேண்டும் என்று ஒரு கணக்கு மாடல்காரர்களிடையே உண்டு: 1/72-க்கு (நிஜ விமானத்தில் 72-இல் ஒரு பங்கு அளவு) 15 விழுக்காடு வெள்ளை, 1/48-க்கு 10, 1/32-க்கு 7. அடர்ந்த பச்சைக்கும் கறுப்புக்கும் இது கண்கூடாக உதவும். ஏற்கெனவே வெளிர்ந்த ஜீரோச் சாம்பலுக்கு அவ்வளவு வெள்ளை சேர்த்தால், பாடுபட்டுக் கொண்டுவந்த சாயல் கரைந்து பழைய வெளிர் சாம்பலுக்கே திரும்பிவிடுகிறோம். 1/72-க்கு என் கலவையில் எக்ஸ்.எஃப்-2 வெள்ளை அரைப் பங்கு போதும். 1/48-க்கு எதுவும் வேண்டாம்.

இன்னொரு தந்திரமும் புழங்குகிறது. சாதாரணச் சாம்பலைப் பூசிவிட்டு, பளபளப்பு வார்னிஷில் ஒளி ஊடுருவும் மஞ்சளோ ஆரஞ்சோ ஒரு துளி கலந்து மேலே தெளிப்பது. கேட்க நன்றாக இருக்கிறது. நிறத்துக்கு ஓர் ஆழமும் வருகிறது. ஆனால் இரண்டு தெளிப்பு ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தில் மஞ்சள் திட்டுத் திட்டாகத் தேங்கும். இறக்கை வேர்ப் பகுதியில் அது தேங்கினால் டீக்கறை மாதிரியே தெரியும். கை தேறியவர்களுக்கு விட்டுவிடுவோம்.

நம் ஊர் வெயிலும் ஈரமும்

நிறத்தை முடிவு செய்தாலும் எந்த வகைப் பெயின்ட் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இதில் வெளிநாட்டு விமர்சனங்கள் நமக்கு அப்படியே பொருந்தா.

லேக்கர் வகையான மிஸ்டர் கலர், ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கும் சிறு கருவி) தெளித்தால் கண்ணாடி மாதிரி விழும். மெல்லிய படலம், வேகமாகக் காயும், மறுநாள் மாஸ்கிங் டேப் ஒட்டி உரித்தாலும் அசையாது. தரத்தில் முதலிடம் இதற்குத்தான். ஆனால் நவம்பர் மழையில் சென்னைக் கடற்கரைப் பக்கம் உட்கார்ந்து தெளித்துப் பாருங்கள். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, நிறத்தின்மேல் பால் தெளித்ததுபோல வெண்மை பூக்கும். மெதுவாக ஆவியாகும் லெவலிங் தின்னர் இதைப் பெருமளவு தடுக்கும். அடைமழை நாளில் அதுவும் தடுமாறும். நாற்றமும் லேசானதல்ல. பக்கத்து அறையில் குழந்தையோ வயதானவரோ இருக்கும் அடுக்குமாடி வீட்டில் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தூசிக்கான சாதாரண முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது. கரிமப் பொருள் ஆவிக்கான வடிகட்டி உள்ள ரெஸ்பிரேட்டர் வேண்டும்.

ஹம்ப்ரோல் போன்ற எனாமல், தூரிகையால் பூசுபவர்களுக்குப் பழைய நண்பன். மெதுவாகக் காய்வதால் தூரிகைக் கோடுகள் தாமாகவே சமப்பட்டுவிடும். அந்த மெதுவே ஈரக் காலத்தில் எதிரியாகிவிடுகிறது: காய்ந்ததென்று நினைத்து விரல் வைத்தால் ரேகை பதியும். எனாமலுக்கும் லேக்கருக்கும் பொதுவான இன்னொரு தொல்லை, இரண்டும் தீப்பற்றும் சரக்கு. விமானத் தபாலில் இவற்றை அனுப்பக் கட்டுப்பாடு உண்டு. வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு பாட்டிலை ஆசைப்பட்டு வரவழைக்க நினைப்பவர்கள் இதை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வாலெஹோ போன்ற தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. நாற்றமில்லை, தபாலில் வரும், தண்ணீரில் கழுவலாம். ஆனால் மே மாத வெயிலில் ஏர்பிரஷ் முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். காய்வதைத் தாமதமாக்கும் ரிட்டார்டர் சொட்டு சேர்த்து, முனையை அடிக்கடி துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். படலமும் மென்மையானது. பிரைமர் இல்லாமல் பூசினால் டேப்போடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். தூரிகைதான் கருவி என்பவருக்கு மட்டும் இதைத் தயங்காமல் சொல்வேன்.

தமியா அக்ரிலிக் இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. ஆல்கஹால் சார்ந்தது, ஐசோபுரொபைல் ஆல்கஹாலிலும் கரையும், மிஸ்டர் கலரின் லெவலிங் தின்னரிலும் கரையும். வெயில் காலத்தில் லெவலிங் தின்னர் கலந்தால் முனையடைப்பு குறைகிறது, படலமும் லேக்கருக்கு நெருங்கிய உறுதியோடு அமைகிறது. ஈரமான நாட்களில் லேக்கர் அளவுக்கு வெண்மை பூப்பதில்லை. 10 மில்லி பாட்டில் ஒரு 1/48 ஜீரோவுக்குத் தாராளம். தூரிகையால் பூசினால் மட்டும் இதன் குணம் கெட்டது: இரண்டாவது பூச்சு முதல் பூச்சைக் கரைத்துக்கொண்டு வரும். தமியாவும் வாலெஹோவும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. ஏர்பிரஷ் கிண்ணத்துக்குள் ரப்பராகத் திரண்டுவிடும்.

அப்படியானால் எதை வாங்குவது?

ஏர்பிரஷ் இருப்பவர் 1942-இன் கப்பல் ஜீரோவைக் கட்டுகிறார் என்றால்: உலோகப் பகுதிகளுக்குத் தமியா எக்ஸ்.எஃப்-76-உம் எக்ஸ்.எஃப்-57-உம் கலந்த கலவை. துணி போர்த்திய ரட்டர், எலிவேட்டர், எய்லரானுக்கு எக்ஸ்.எஃப்-12. லேபிளை நம்பி ஏற்கெனவே மிஸ்டர் கலர் 35 வாங்கி வைத்திருப்பவர் அதை வீணாக்க வேண்டாம். அதுவும் துணிப் பாகங்களுக்கு அருமையாகப் பொருந்தும். வித்தியாசம் கோடு கிழித்ததுபோல வெளியே தெரியக்கூடாது. ஒரு அடி தள்ளி நின்று பார்ப்பவர் ரட்டரைப் பார்த்து ஏதோ மாறுகிறதே என்று ஒரு கணம் யோசித்தால் போதும். அதற்கு மேல் தெரிந்தால், துணிப் பாகத்தின் சாம்பலில் நம் கலவையைக் கொஞ்சம் சேர்த்து நெருக்கிவிடுங்கள்.

லேக்கருக்கு வசதியும் காற்றோட்டமும் உள்ளவர் மிஸ்டர் கலர் 128-ஐ உலோகத்துக்கும் 35-ஐத் துணிக்கும் எடுத்துக்கொண்டு, கலக்கும் வேலையே இல்லாமல் முடித்துவிடலாம். பெயரில் நகாஜிமா என்றிருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சற்றுப் பச்சையாகத்தான் நிற்கும். மேலே வார்னிஷ் போட்டதும் அது அடங்கும்.

ஏர்பிரஷ் இல்லாதவருக்கு ஏ.எஸ்-29 டப்பா. தனியாகப் பஃப் கலக்க வழியில்லை, பச்சை மிச்சமிருக்கும், போகட்டும். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் நிறுத்தி எடுத்து, மெல்லிய பூச்சுகளாகத் தெளித்தால் பூச்சு சமமாக விழும்; மாடல் 21-இன் பளபளப்பை மேல் வார்னிஷ் கொடுக்கும். துணிப் பாகங்களை மட்டும் வாலெஹோ சாம்பலால் தூரிகையில் பூசலாம். சிறிய பரப்பு என்பதால் கோடு விழாது.

கப்பலில் பல மாதம் இருந்து வெயிலில் அடிபட்ட விமானத்தைக் காட்ட விரும்புகிறவர், எந்த வழியில் போனாலும், மேல்பரப்பில் அதே கலவையோடு வெள்ளை கூட்டி, நன்றாக நீர்த்து, இறக்கையின் மேற்பக்கத்தில் மட்டும் மேகம் மாதிரி விட்டு விட்டுத் தெளிக்கட்டும். வயிற்றுப் பக்கத்தைத் தொட வேண்டாம். அங்கே வெயில் படவில்லை. இறக்கையின் மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் அடுத்தடுத்துத் திருப்பிப் பார்க்கும்போது வெளிர் சாம்பலும் ஆலிவும் ஒரே விமானத்தில் இருக்கும்.

1943-க்குப் பிந்தைய, மேலே கரும்பச்சை பூசிய ஜீரோக்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே சாம்பல் வயிற்றுப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. மிட்சுபிஷியா நகாஜிமாவா என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது சாம்பலின் சாயல் இல்லை, இரண்டு நிறமும் சந்திக்கும் கோடு: மிட்சுபிஷியில் அது வால்வரை நேராக ஓடும், நகாஜிமாவில் பின்பக்கம் போகப் போக வால் இறக்கையை நோக்கி வளைந்து ஏறும்.